வரிசை வீட்டு முகப்பில் டியூடர் பாணிச் சட்டங்கள்: எங்கே பிசகியது?

செந்தூல் வாசகர்:
வணக்கம். எங்கள் இரண்டு மாடி வரிசை வீட்டின் மேல்மாடி முகப்பு, கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தில் உள்ள ரோயல் சிலாங்கூர் கிளப்பைப் போல டியூடர் பாணியில், வெள்ளைச் சுவரும் கறுப்புச் சட்டமுமாக இருக்க வேண்டும் என்று கட்டடக் குத்தகையாளரிடம் கேட்டிருந்தேன். அவர் செங்கல் சுவரின் மேலேயே பலகைகளை அறைந்து, கறுப்புச் சாயம் அடித்துவிட்டார். ஓராண்டு ஆவதற்குள் குறுக்குப் பலகைகளுக்கு மேலே சுவர் பாசி பிடித்திருக்கிறது. ஒரு பலகையை விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்குகிறது. வீடு வரிக்குதிரை போலிருப்பதாக அம்மா வேறு சொல்கிறார். என்ன செய்யலாம்?

பழைய கட்டட ஆர்வலர்:
அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஐயா. டியூடர் மன்னர்கள் ஆண்ட காலத்து (1485–1603) இங்கிலாந்தில் ஓக் மரச் சட்டகம்தான் வீட்டையே தாங்கியது. சட்டங்களைப் பொளித்துப் பொருத்தி மர ஆணியால் இறுக்கி, இடைவெளிகளில் குச்சித் தட்டி பின்னிக் களிமண் அப்பி, அதன்மேல் சுண்ணாம்பு பூசினார்கள். மூலைகளில் காணும் வளைந்த சாய்வுச் சட்டங்கள் வீடு ஒரு பக்கம் சாயாமல் இழுத்துப் பிடிப்பவை. செங்குத்துச் சட்டங்களை நெருக்கி நெருக்கி நிறுத்துவது மட்டும் பெரும்பாலும் செல்வச் செருக்கு. மரம் வாங்க வசதி உண்டு என்று ஊருக்குக் காட்டுவது. இங்கிலாந்தின் செஷயரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற பழைய மாளிகையில் நாலிதழ்ப் பூவும் சாய்சதுரமும் சுவர் முழுக்க நிறைந்திருந்தாலும், அவை பெரிய சட்டங்களின் நடுவே அடங்கியே இருக்கின்றன. உங்கள் வீட்டில் பலகைகள் எதையும் தாங்கவில்லை என்றாலும், தாங்குவதுபோலத் தோன்ற வேண்டும். இன்னொன்று, அடர்கறுப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். சாயம் பூசாத ஓக் நாளடைவில் வெள்ளி கலந்த சாம்பல் நிறமாகிவிடும்.

பினாங்குத் தச்சர்:
அழகைப் பிறகு பார்க்கலாம், முதலில் தண்ணீர். சுவரோடு ஒட்டிய பலகையின் பின்னால் இறங்கும் மழைநீர் காய வழியில்லை. அமுங்கும் பலகையைக் கழற்றி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, சிறு கட்டைகள் கொடுத்துச் சற்று விலக்கிப் பொருத்துங்கள். மேல்விளிம்பை வெளிப்புறம் சரியும்படி இழைத்துவிட்டால் நீர் தேங்காது. பலகையின் பின்புறத்துக்கும் வெட்டு முனைகளுக்கும் சாயம் கட்டாயம் வேண்டும். முனை வழியாகத்தான் மரம் அதிகம் நீர் குடிக்கும். செங்கால் (chengal) என்ற உள்ளூர்க் கடின மரம் விலை கூடுதல்தான், ஆனால் கறையானுக்கு எளிதில் மசியாது.

செந்தூல் வாசகர்:
இருவருக்கும் நன்றி. இன்று மாலை வாசலில் நின்று பார்த்தேன். நடுவில் உள்ள பெரிய செங்குத்துப் பலகை சன்னல் கண்ணாடியின் தலைக்கு மேலே வந்து அந்தரத்தில் முடிகிறது. முதலில் அதைத்தான் கழற்றப் போகிறேன்.