அப்பாவின் பணம் நாடு தாண்டிப் போய்விட்டதாம். அதற்கு மேல் யாராலும் எதுவும் செய்ய முடியாதா?

மதுரை வாணி:
போன மாதம் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அழைப்பு. போலீஸ் உடையில் ஒருவன். "உங்கள் ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகரக் கூடாது" என்று பகல் முழுக்க மிரட்டியிருக்கிறான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 6 லட்சத்தை இரண்டு தடவையாக அனுப்பிவிட்டார் அப்பா. வெட்கத்தில் எங்களிடம் சொல்லவே இரண்டு நாள் ஆனது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்தோம். 70 ஆயிரம் ரூபாயை ஒரு கணக்கில் முடக்கி வைத்திருக்கிறார்கள். மீதி பல கணக்குகளில் பிரிந்து, கிரிப்டோவாக மாறி, வெளிநாடு போய்விட்டதாம். "நாடு தாண்டிட்டா ரொம்பக் கஷ்டம்மா" என்றார் ஸ்டேஷனில் ஒருவர். பரிவாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. பணம் அரை மணி நேரத்தில் எல்லை தாண்டும்போது விசாரணை ஏன் தாண்ட முடியாது? நாடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன என்கிறார்களே, உண்மையில் என்ன செய்கின்றன?

பழைய செலாவணிக்காரர்:
வாணிம்மா, முதலில் ஒன்று. அப்பாவை வீட்டில் யாரும் குத்திக்காட்டிவிடாதீர்கள். படித்தவர், பதவியில் இருந்தவர் எல்லாரும் இதில் விழுகிறார்கள்.

நான் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் 31 வருஷம் இருந்தவன். உன் கேள்விக்கு, ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கே நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும்.

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை. டாக்காவில் பங்களாதேஷ் வங்கியில் எல்லாரும் வேலை முடிந்து போன பிறகு, அதன் கணினிகளுக்குள் முன்பே நுழைந்து காத்திருந்த திருடர்கள், வங்கிகள் ஒன்றுக்கொன்று பணக் கட்டளை அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக, அந்த வங்கியின் டாலர் கணக்கு இருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வுக்கு 35 கட்டளைகள் அனுப்பினார்கள். மொத்தம் 95 கோடி டாலர். நாளைத்தான் கவனிக்க வேண்டும். டாக்காவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஸ்விஃப்ட் செய்திகளை அச்சிடும் பிரிண்டரும் ஓடவில்லை. அதைச் சரிசெய்து விஷயம் புரிந்தபோது நியூயார்க்கில் வார விடுமுறை. சரி, பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸின் மணிலாவிலாவது நிறுத்தலாம் என்றால், திங்கட்கிழமை அங்கே சீனப் புத்தாண்டு விடுமுறை. "பணத்தை நிறுத்துங்கள்" என்று டாக்கா அனுப்பிய செய்தியை, பணம் வந்திறங்கிய மணிலா வங்கி செவ்வாய்க்கிழமைதான் பார்த்தது. அதே செவ்வாயன்று அதன் ஒரு கிளையிலிருந்து பெரும்பகுதிப் பணம் வெளியே போனது.

30 கட்டளைகளை நியூயார்க் நிறுத்திவிட்டது. தப்பிய ஐந்தில் நான்கு மணிலாவுக்கு, 8.1 கோடி டாலர். அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்குப் போனது. பிலிப்பைன்ஸின் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் அப்போது சூதாட்ட விடுதிகளைத் தொடவே இல்லை. 2017இல்தான் சேர்த்தார்கள். 2016இலேயே ஏறக்குறைய 1.5 கோடி டாலர் திரும்பி வந்தது, மற்றது கையை விட்டுப் போனது. வட கொரியாவைச் சேர்ந்த ஒருவர் மீது 2018இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது.

டாக்காவின் கணினியில் ஓட்டை இருந்தது உண்மைதான். ஆனால் என்னை இன்றும் வருத்துவது அதுவல்ல. மூன்று நாடுகள், மூன்று விடுமுறைகள். அவசரத்துக்கு ராத்திரியில் அடித்தால் எடுக்க எந்த முனையிலும் ஆள் இல்லை. எந்த நாடும் தன் சுவரை மட்டும் உயர்த்திக் கட்டி இதைத் தடுத்திருக்க முடியாது.

வெள்ளவத்தை வாசி:
ஐந்தாவது கட்டளை எங்கள் நாட்டுக்கு வந்தது, ஐயா. 2 கோடி டாலர். ஷாலிகா ஃபவுண்டேஷன் என்ற பெயருக்கு வந்தது, ஆனால் அனுப்பியவர்கள் ஃபவுண்டேஷன் என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதியிருந்தார்கள். இவ்வளவு பெரிய தொகை இலங்கைக்கு வருவது புதினமாக இருக்கிறதே என்று இங்குள்ள வங்கி கேள்வி எழுப்பியது. நடுவில் இருந்த டாய்ச்சே வங்கி எழுத்துப் பிழையைக் கண்டு டாக்காவிடம் விளக்கம் கேட்டது. முழுத் தொகையும் திருப்பி அனுப்பப்பட்டது. எழுத்துப் பிழையைத்தான் எல்லாரும் பேசுவார்கள். இங்கே ஒருவர் சந்தேகப்பட்டு அங்கே கேட்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மதுரை வாணி:
ஐயா, இரண்டையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். இப்போது அப்படி ராத்திரியில் அடித்தால் எடுக்க ஆள் இருக்கிறதா?

பழைய செலாவணிக்காரர்:
சில நாடுகளுக்குள் இருக்கிறது. சைபர் குற்றங்களை நாடுகள் சேர்ந்து விசாரிக்க 2001இல் கையெழுத்தான புடாபெஸ்ட் உடன்படிக்கை என்று ஒன்று. அதில் சேர்ந்த ஒவ்வொரு நாடும் 24 மணி நேரமும் வாரம் ஏழு நாளும் பதில் சொல்லும் ஒரு தொடர்பு மையத்தை வைத்திருக்க வேண்டும். "இந்தத் தரவை அழிக்காமல் வையுங்கள், முறைப்படி கடிதம் பின்னால் வரும்" என்று கேட்கலாம். இலங்கை 2015இலேயே சேர்ந்தது, பிலிப்பைன்ஸ் 2018இல். இந்தியா சேரவில்லை. நாம் இல்லாமல் எழுதப்பட்டது என்பது நம் அரசின் குறை. அதில் நியாயம் உண்டு, ஆனாலும் வெளியே நிற்பதன் விலையை உன் அப்பா மாதிரி ஆட்கள் கொடுக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இன்னொரு உடன்படிக்கையை ஏற்றது. அது நடைமுறைக்கு வர 40 நாடுகள் உறுதி செய்ய வேண்டும். பத்திரிகையாளர்களைத் துரத்த அரசுகள் அதைப் பயன்படுத்தும் என்ற அச்சமும் இருக்கிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குமரி செல்வன்:
அக்கா, இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போனான். ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, நாள் முழுக்க முகம் தெரியாதவர்களை ஏமாற்றும் வேலையில் உட்கார வைத்தார்கள். இலக்கை எட்டாவிட்டால் அடி. அந்த வளாகங்களுக்கு மின்சாரமே தாய்லாந்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அதை வெட்டியது. மார்ச்சில் நம் விமானப்படை விமானங்கள் 500 பேருக்கு மேல் அழைத்து வந்தன. அந்த இடத்துக்கு எந்த ஒரு நாட்டு போலீஸும் தனியாகப் போயிருக்க முடியாது.

பழைய செலாவணிக்காரர்:
தம்பி சொல்வது சரி. வாணிம்மா, 1930இல் கொடுத்த ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வை. முடங்கிய 70 ஆயிரத்தை விடுவிக்க நீதிமன்றத்தில் மனு போட முடியுமா என்று ஸ்டேஷனில் கேள். பணம் கிரிப்டோவாக மாறிய தளம் எது, அதற்குக் கடிதம் போனதா என்பதையும் எழுத்தில் கேள். அப்பா பேசிய அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதே.