புது போர்டிகோ வீட்டை விட்டுப் பிரியுது, மழைத்தண்ணி உள்ள வருது. அவசரம்

பருத்திக்காடு:
வணக்கம். வீட்டு முன்னாடி புதுசா போட்ட போர்டிகோ, பழைய சுவத்தோட சேர்ற இடத்துல நீளமா விரிசல் விட்டிருக்கு. நேத்து ராத்திரி மழைக்கு அந்த வழியா ஒழுகி நிலைக்கதவு நனைஞ்சிருச்சு. சிமெண்டுப் பால் ஊத்தி அடைச்சிரலாம்னு கொத்தனார் சொல்றாரு. இல்ல கடையில கெமிக்கல் வாங்கி அடைக்கவா? எது நல்லது? இன்னைக்கே செய்யணும். அம்மா வாசல்ல உட்காரவே பயப்படுறாங்க.

சரள்மேடு:
எந்த ஊரு? என்ன மண்ணு? எப்ப கட்டினது? பில்லர் எத்தனை, வானம் (அஸ்திவாரக் குழி) எத்தனை அடி? மேல காங்கிரீட்டா தகரமா? ஒண்ணுமே சொல்லாம எதை வச்சு அடைக்கன்னு கேட்டா என்னத்தைச் சொல்ல?

நீர்ப்பாத்தி:
எனக்கு க்யூரிங் மேலதான் சந்தேகம். இப்ப வர்ற பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்டுக்குக் குறைஞ்சது 10 நாள் ஈரம் காயாம வச்சிருக்கணும், வெயில் காலம்னா 14 நாள். நம்ம ஆளுங்க மூணாம் நாளே சாக்கை உருவிட்டுப் போயிடுறாங்க. எத்தனை நாள் பாத்தி கட்டித் தண்ணி நிப்பாட்டினீங்க?

மேஸ்திரி_40வருசம்:
பழசோட புதுசைச் சேர்த்தா விரிசல் விடும். சித்தாளா வந்த முதல் மாசமே தெரிஞ்சுக்கிற விஷயம் இது. பழசு நிக்கும், புதுசு இறங்கும். அவ்வளவுதான். இதே கேள்விக்கு இங்க எத்தனை தடவை எழுதிட்டேன், பழசைத் தேடிப் படிக்கக்கூட ஒருத்தருக்கும் பொறுமை இல்லை. கோழிவலை அடிச்சுப் பூசிட்டு வேற வேலையைப் பாருங்க.

வேப்பமரத்தடி:
பக்கத்துல மரம் இருக்கா? எங்க மாமா வீட்டுல வேம்பு வேர்தான் காம்பவுண்டையே சாய்ச்சது. முதல்ல அதைப் பாருங்க.

பருத்திக்காடு:
மன்னிக்கணும், பதட்டத்துல எழுதிட்டேன். ஊரு விளாத்திகுளம் பக்கம். போர்டிகோ 14க்கு 12 அடி, மேல காங்கிரீட். பங்குனியில போட்டது. முன்னாடி ரெண்டு பில்லர், வானம் 4 அடி. பின்பக்கம் பில்லர் இல்லை, பீம் ரெண்டையும் பழைய சுவத்தைக் குடைஞ்சு உள்ள விட்டிருக்காங்க. வீடு 2003ல அப்பா கட்டினது, அதுல ஒரு கீறல் கிடையாது. மரம் எதுவும் இல்லை.

சிவில்_மதுரை:
விளாத்திகுளம்னா கரிசல். தம்பி, ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. விரிசல் மேல தளத்துல அகலமா, கீழ சீலிங்ல அகலமா? தளத்துல மழைத்தண்ணி எந்தப் பக்கம் தேங்குது?

பருத்திக்காடு:
சீலிங்லதான் அகலம் அக்கா, ஒரு ரூபாய் நாணயம் நுழையுது. மேல முடி அளவுதான். தண்ணி சுவர் ஓரமா நிக்குது. கட்டும்போது தண்ணி ஓட முன்பக்கம்தான் வாட்டம் (சரிவு) விட்டாங்க, பைப்பும் அங்கதான் இருக்கு. இடது பக்கம் விரிசல் அதிகம்.

சிவில்_மதுரை:
அப்ப பில்லர் இறங்கலை. ஏறியிருக்கு. இறங்கியிருந்தா தளம் முன்னால சாஞ்சு, விரிசல் மேல்பக்கம் வாய் திறந்திருக்கும். தண்ணியும் முன்னாடியே ஓடியிருக்கும். இங்க எல்லாம் தலைகீழா இருக்கு. பங்குனியில கரிசல் வெடிச்சுச் சுருங்கிக் கிடக்கும், அப்ப பில்லரை நட்டிருக்காங்க. ஐப்பசி மழை குடிச்சதும் மண்ணு உப்பி, பில்லரை அடியில இருந்து தூக்குது. அப்பா கட்டின வீடு அசையாததுக்குக் காரணம் அதோட பாரம். போர்டிகோ பில்லர் மேல என்ன பாரம் இருக்கு? லேசான கட்டடத்தைத்தான் கரிசல் முதல்ல தூக்கும்.

இடது பில்லர் ஓரமா மொட்டைமாடித் தண்ணி இறங்குற பைப் இருக்கா?

பருத்திக்காடு:
ஆமாக்கா! பில்லரை ஒட்டியே விழுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணலை, அதான் சொல்லலை.

மேஸ்திரி_40வருசம்:
பில்லர் ஏறுச்சாம். 40 வருசத்துல நான் பார்த்ததில்லை. புத்தகத்தைப் படிச்சுட்டு மக்களைப் பயமுறுத்தாதீங்க. எம்சாண்ட், பாறையை உடைச்சுச் செய்யுற மணல், வந்த நாள்ல இருந்துதான் இந்த விரிசல் சீக்கெல்லாம். அவங்கப்பா வீடு வைப்பாத்து மணல்ல கட்டினது, அதான் நிக்குது.

ஜல்லி20:
அண்ணாச்சி, எம்சாண்டைக் குறை சொல்லாதீங்க. கழுவிச் சலிச்ச எம்சாண்ட் வேற, கிரஷர்ல மிஞ்சுற பாறைத்தூள் வேற. 150 மைக்ரானுக்குக் கீழ உள்ள பொடி 20 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு மணல் ஜல்லிக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 383லயே இருக்கு. தூளை வாங்கிப் போட்டுட்டு எம்சாண்ட் மேல பழி சொல்றது நியாயமில்லை.

மேஸ்திரி_40வருசம்:
பூச்சு வேலைக்கு ஆத்துமணல் மாதிரி வருமா? கரண்டி பிடிச்சவனுக்குத்தான் தெரியும்.

வேப்பமரத்தடி:
ஆத்தைத் தோண்டித் தோண்டித்தான் எங்க கிணத்துல தண்ணி கீழ போயிருச்சு. வீடு கட்ட மணல் வேணும்தான், குடிக்கத் தண்ணி வேண்டாமா?

சரள்மேடு:
மணல் சண்டையைத் தனியா வச்சுக்கங்க. அவர் வீட்டு நிலைக்கதவு நனைஞ்சு கிடக்கு.

ஓட்டுவீடு:
எங்க வீட்லயும் இந்தத் தொல்லை இருந்துச்சு. கட்டர் வச்சுச் சேர்ற இடத்தை முழுசா அறுத்து விட்டோம். ரெண்டும் தனித்தனியா ஆடிக்கட்டும்னு. அதுக்கப்புறம் பிரச்சினை இல்லை.

சிவில்_மதுரை:
பருத்திக்காடு தம்பி, இதை மட்டும் செஞ்சிராதீங்க! உங்க பீம் ரெண்டும் சுவத்துக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு, பின்னாடி பில்லரே இல்லை. அறுத்தா தளம் அப்படியே கீழ வரும். ஓட்டுவீடு சார், உங்களுக்கு நாலு பக்கமும் பில்லர் இருந்திருக்கும்.

இப்ப செய்ய வேண்டியதைச் சொல்றேன். சுவர் ஓரமா ரெண்டு பீமுக்கும் அடியில இரும்பு முட்டு குடுங்க, வாகனத்தை உள்ள நிப்பாட்டாதீங்க. மாடித்தண்ணி பைப்பைப் பில்லர்ல இருந்து பத்தடியாவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்க. சிமெண்டுப் பால் வேண்டாம். கோடையில மண்ணு சுருங்கும்போது பில்லர் திரும்ப இறங்கும், அடைச்சது கெட்டியா இருந்தா பழைய சுவரையே பிளந்துரும். ஒழுகலை நிறுத்த, மேல ஒரு தகரப் பட்டையை வளைச்சு, ஒரு ஓரத்தைப் பழைய சுவத்துல மட்டும் பதிங்க, மறு ஓரம் தளத்து மேல சும்மா படுத்திருக்கட்டும். சுவத்துல பதிக்கிற இடத்துக்கு பாலியூரித்தேன் சீலண்ட் போதும், அது ரப்பர் மாதிரி இழுத்துக் குடுக்கும். விரிசலுக்கு ரெண்டு பக்கமும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி வாரா வாரம் அளந்து வைங்க.

நிரந்தரத் தீர்வுன்னா, பின்பக்கமும் ரெண்டு பில்லர் எழுப்பி, பீம் அதுல உட்கார்ந்த பிறகுதான் சுவத்துல இருந்து பிரிக்கணும். அஸ்திவாரம் 4 அடி பத்தவே பத்தாது. கரிசலுக்கு அண்டர் ரீம்டு பைல் (மண்ணுல துளை போட்டு இறக்குற காங்கிரீட் தூண்) போடுவாங்க, சுமார் 3.5 மீட்டர் ஆழம், அடியில குமிழ் மாதிரி தண்டைப் போல ரெண்டரை மடங்கு அகலத்துக்கு விரிச்சு காங்கிரீட் போடணும். மேல மண்ணு உப்பினாலும் அந்தக் குமிழ் பிடிச்சு நிக்கும். முன்பக்கப் பில்லரை என்ன செய்யலாம்னு நேர்ல பார்க்காம நான் சொல்லமாட்டேன். பக்கத்துல உள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டி வந்து காட்டுங்க.

நீர்ப்பாத்தி:
க்யூரிங்கும் ஒரு காரணமா இருக்கலாம்னு இப்பவும் எனக்குத் தோணுது.

மேஸ்திரி_40வருசம்:
ஒரு போர்டிகோவுக்கு பைல் போட்டா வீட்டு விலையில பாதி ஆகிரும். ஆனா சுவத்தைக் குடைஞ்சு பீம் விட்டது தப்புதான், அதை ஒத்துக்கிறேன். நானா இருந்தா பின்னாடியும் பில்லர் குடுத்திருப்பேன், நடுவுல ஒரு இஞ்சு இடைவெளி விட்டிருப்பேன்.

சரள்மேடு:
அந்த ஒரு இஞ்சைத்தான் அண்ணாச்சி அக்காவும் சொல்றாங்க.

ஜல்லி20:
பருத்திக்காடு, முட்டு குடுத்தாச்சா? ஒரு வரி எழுதுங்க.

(11 நாள் கழிச்சு)

பருத்திக்காடு:
தாமதத்துக்கு மன்னிக்கணும், ஊர்ல மழை, கரண்ட் இல்லை. முட்டு குடுத்தாச்சு, பைப்பைத் தெருப்பக்கம் திருப்பியாச்சு, தகரம் பதிச்சதுல இருந்து ஒழுகலை. கோவில்பட்டியில இருந்து இன்ஜினியர் வந்து மட்டம் பிடிச்சாரு. இடது பில்லர் 14 மி.மீ. ஏறியிருக்கு, வலது 5. பின்பில்லர் வேலை தை பிறந்த பிறகு. அக்காவுக்கு ரொம்ப நன்றி. அம்மா இன்னும் பின்வாசல் வழியாத்தான் போறாங்க.