எக்ஸ் கூட்டல் ஒய் சமம் ஸ்ரீ

டிடிபிக்காரர், திருச்சி:

கணித எழுத்துரு என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்ரீதான். ஏன் என்று சொல்கிறேன்.

2008 வாக்கில் ஒரு டியூஷன் சென்டருக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கம் அமைக்கும் மென்பொருள் பேஜ்மேக்கர், தமிழ் எழுத்துரு பாமினி. அதில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அது யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுக் குறியீடு) கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்த எழுத்துரு. எக்ஸ் தட்டினால் ‘ஒ’, ஒய் தட்டினால் ‘ல’, இசட் தட்டினால் ‘ண’. கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் ‘பூ’வுக்குப் போடும் சுழி, சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்ரீ’. அதனால் சமன்பாடு வந்தால் அதை மட்டும் தேர்ந்தெடுத்து டைம்ஸ் என்ற ஆங்கில எழுத்துருவுக்கு மாற்ற வேண்டும். பையோ தீட்டாவோ வந்தால் சிம்பல் என்ற குறி எழுத்துருவுக்கு. ஒரு வினாத்தாளுக்கு நூறு தடவைக்குக் குறையாமல் எழுத்துரு மாற்றியிருப்பேன்.

ஒருநாள் அவசரத்தில், திருத்தம் போட்ட பத்தியை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பாமினி கொடுத்துவிட்டேன். எக்ஸ் கூட்டல் ஒய் சமம் இசட் என்று இருந்த இடத்தில் ஓர் ‘ஒ’, பக்கத்தில் அநாதையாக ஒரு சுழி, அப்புறம் ‘லஸ்ரீண’. புரூஃப் பார்த்த சார், “என்னப்பா, பிள்ளையார் சுழி போட்டு ஸ்ரீ வேற எழுதியிருக்க, கல்யாணப் பத்திரிகையா?” என்று கேட்டார்.

அது நல்ல தப்பு, பார்த்ததும் தெரிந்துவிட்டது. அடுத்தது அப்படி இல்லை. ஃபைலை வாங்கிய அச்சகத்துத் தம்பி, தமிழ் தவிர மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் அத்தனையையும் டைம்ஸ் ஆக்கிவிட்டார். சிம்பலில் பை இருப்பது ‘பி’ விசையில், தீட்டா இருப்பது ‘க்யூ’ விசையில். சிம்பல் போனதும் சைன் தீட்டா சைன் க்யூ ஆனது, பை ஆர் ஸ்கொயர் பி ஆர் ஸ்கொயர் ஆனது. நானூறு பிரதி அடித்தாயிற்று, யாருக்கும் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளில் பாதிப் பேர் விடைத்தாளிலும் சைன் க்யூ என்றே எழுதி, விடையைச் சரியாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

பிறகு வேர்டுக்கு மாறி, அதில் சமன்பாடு அடிக்க இருந்த பழைய ஈக்குவேஷன் எடிட்டரில் அடித்து ஒரு பெரிய வினா வங்கியே சேர்த்து வைத்தேன். 2018 ஜனவரியில் ஓர் அப்டேட் வந்தது. பாதுகாப்பு ஓட்டை என்று மைக்ரோசாஃப்ட் அந்த எடிட்டரையே கழற்றி எடுத்துவிட்டது. சமன்பாடுகள் படமாகக் கண்ணுக்குத் தெரிகின்றன, இரட்டைக் கிளிக் செய்தால் திறக்கவில்லை. பல வருட உழைப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிய மாதிரி ஆகிவிட்டது. உங்களுக்கும் இந்த மாதிரி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கணித ஆசிரியை, யாழ்ப்பாணம்:

எங்கள் பக்கமும் பாமினிதான் அண்ணா. ஸ்ரீலங்கா என்று அடிக்கச் சமக்குறியைத் தட்டிப் பழகின கை இது. யூனிகோடுக்கு மாறின புதிதில் எத்தனை கடிதம் ‘=லங்கா’ என்று போனதோ தெரியாது.

என்னுடைய கதை சின்னது. வேர்டில் சமன்பாடுகள் கேம்ப்ரியா மேத் எழுத்துருவில் வருவது எனக்குப் பிடித்திருந்தது. வசனங்களில் உள்ள ஆங்கில எழுத்தும் அதே வடிவில் வரட்டும் என்று முழுவதையும் தேர்ந்தெடுத்துக் கேம்ப்ரியா மேத் கொடுத்தேன். இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு மாட்டு வண்டி போகலாம். மூன்று பக்கத் தாள் பதினைந்து பக்கம் தாண்டிவிட்டது. வரி இடைவெளி, பத்தி இடைவெளி என்று எல்லாவற்றையும் குறைத்துக் குறைத்து ஒரு பின்னேரம் முழுக்கப் போராடினேன்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்த எழுத்துருவுக்குள்ளேயே உயர உயரமான அடைப்புக்குறிகளும் தொகையீட்டுக் குறிகளும் இருக்கின்றன. அவை அடங்கும் அளவுக்கு அதன் வரி உயரத்தை வைத்திருக்கிறார்கள். சமன்பாட்டுக்குள் வேர்டு அதைக் கணக்கில் எடுத்துச் சரியாக அடுக்கும், சாதாரண வசனத்தில் அப்படியே இடம் பிடித்துக்கொள்ளும். வசனத்துக்குக் ‘கேம்ப்ரியா’, சமன்பாட்டுக்குக் ‘கேம்ப்ரியா மேத்’, இரண்டும் வேறு வேறு.

ஆராய்ச்சி மாணவன், சென்னை:

நான் லேடெக் ஆள். கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால் பக்கத்தை அச்சுக்கோர்த்துத் தரும் மென்பொருள் அது, டெக் என்பதன் மேல் கட்டியது. (டெக்ஸ் இல்லை, டெக். ‘லேடெக்ஸ்’ என்று சொன்னால் என் கைடு முறைப்பார்.) இதில் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பினேன், 14 பக்கம். அவர்களுடைய தானியங்கிச் சோதனை திருப்பி அனுப்பிவிட்டது: பிடிஎஃபில் டைப் 3 என்ற வகை எழுத்துரு இருக்கிறதாம். கடைசி நாள், இரவு பத்து மணி. ‘பிடிஎஃப்ஃபான்ட்ஸ்’ என்ற கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். அது பிடிஎஃபில் உள்ள எழுத்துருக்களை வரிசையாகக் காட்டும். இருபது வரியில் பத்தொன்பது டைப் 1, ஒன்றே ஒன்று டைப் 3. அது எந்த எழுத்து தெரியுமா? நிகழ்தகவில் சுட்டுச் சார்புக்கு (நிபந்தனை பொருந்தினால் 1, இல்லாவிட்டால் 0) போடும் இரட்டைக் கோட்டு ‘1’. கட்டுரை முழுக்க இரண்டே இடத்தில் வருகிறது. அதற்காக ‘பிபிஎம்’ என்ற பேக்கேஜை (லேடெக்கோடு சேர்க்கும் துணைத் தொகுப்பு) சேர்த்திருந்தேன்.

அந்த எழுத்துரு மெட்டாஃபான்ட் வடிவில் மட்டும்தான் இருக்கிறது. டெக்கை உருவாக்கிய கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1977-இல் தன் புத்தகத்தின் மறுபதிப்பு புரூஃபைப் பார்த்து மனம் நொந்து, அச்சுக்கோர்ப்பை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று டெக்கோடு சேர்த்து உருவாக்கிய கருவி மெட்டாஃபான்ட். பிரின்டரின் துல்லியத்துக்கு ஏற்ப எழுத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுக்கும். தாளில் அச்சடிக்க அருமை. ஆனால் பிடிஎஃபில் அந்தப் புள்ளிப் படம்தான் டைப் 3 ஆகப் போய் உட்காருகிறது. பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டு. ‘டிஎஸ்ஃபான்ட்’ பேக்கேஜில் அதே ‘1’ டைப் 1 ஆகவே, அதாவது புள்ளிப் படமாக இல்லாமல் கோட்டு வடிவாகவே, கிடைக்கிறது. ஒரு வரியை மாற்றினேன், பதினொன்றரைக்குள் கட்டுரை போய்விட்டது.

இன்னொன்று. எழுத்துரு நிறுவப் பழைய குறிப்பு எதையாவது பார்த்து எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘அப்ட்மேப்’ (updmap) கட்டளையை வெறுமனே ஓட்டாதீர்கள். என் கணினியில் அது எனக்கு மட்டும் ஒரு தனிப் பட்டியலை உருவாக்கிவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக எதை நிறுவினாலும் லேடெக் அந்தப் பழைய பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு மாதம் காரணமே தெரியவில்லை. டெக் லைவ் என்ற லேடெக் தொகுப்பின் 2017 பதிப்பிலிருந்து, வெறுமனே ஓட்டினால் கணினி முழுமைக்குமா உனக்கு மட்டுமா என்று தெளிவாகச் சொல்லச் சொல்லி நின்றுவிடுகிறது. எத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தால் அப்படி மாற்றியிருப்பார்கள்!

புத்தக வடிவமைப்பாளர், கோவை:

தமிழும் கணிதமும் சேர்ந்து வேண்டும் என்றால் இப்போது லுவாலேடெக் (யூனிகோடை நேராகப் புரிந்துகொள்ளும் லேடெக்) போதும். ‘யூனிகோட்-மேத்’ பேக்கேஜ், கணிதத்துக்கு லேட்டின் மாடர்ன் மேத் அல்லது ஸ்டிக்ஸ் டூ மேத், தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ். தமிழ் எழுத்துருவுக்கு ஹார்ஃப்பஸ் ரெண்டரர் (எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து அமைக்கும் பகுதி) என்று குறிப்பிட மறக்காதீர்கள்.

நான் விழுந்த குழி ஒன்று. எட்டாம் வகுப்புப் பயிற்சி நூலில் “பரப்பளவு = πr²” என்ற வரியை முழுதாக, லேடெக்கில் கணிதத்துக்குப் போடும் டாலர் குறிகளுக்குள் அடித்துவிட்டேன். வந்தது “= πr²” மட்டும். கணித எழுத்துருவில் தமிழ் எழுத்தே இல்லை. இல்லாத எழுத்தை லேடெக் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, லாக் ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். லாக் ஃபைலை யார் படிக்கிறார்கள்? சமக்குறியில் தொடங்கும் வாய்பாடுகள் மூன்று பக்கத்துக்கு இருந்தன. விடுபட்ட எழுத்தைக் கண்காணிக்கும் ‘ட்ரேஸிங்லாஸ்ட்கேர்ஸ்’ அளவை 3 என்று வைத்தால் இப்போதெல்லாம் பிழை காட்டி நின்றுவிடும். முதல் வேலையாக அதைப் போட்டுவிட்டுத்தான் ஃபைலையே தொடங்குகிறேன். தமிழ்ச் சொல்லை ‘டெக்ஸ்ட்’ கட்டளைக்குள் போட்டால் போதும்.

விண்டோஸ்காரர்களுக்கு: எழுத்துருவை வலது கிளிக் செய்து ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு’ என்பதையே தேர்ந்தெடுங்கள். சும்மா ‘நிறுவு’ கொடுத்தால் அது உங்கள் கணக்கின் கோப்புறைக்குள் போய்விடும், சில மென்பொருள்கள் அங்கே எட்டிப்பார்ப்பதே இல்லை.

டிடிபிக்காரர், திருச்சி:

கோவை அண்ணன் சொன்னபடி லுவாலேடெக் போட்டுப் பார்த்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. முதல் வினாத்தாள் வந்தபோது, பொய் சொல்லவில்லை, பிரின்ட் எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். மூலக் குறி தன் மேல்கோட்டை எண்ணின் நீளத்துக்கு இழுத்துக்கொள்கிறது. பேஜ்மேக்கரில் அந்தக் கோட்டை நான் கையால் வரைவேன்.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. சார் அவசரமாக ஒரு கணக்கு மட்டும் கேட்டார். பிடிஎஃபிலிருந்து கூம்பின் கன அளவு வாய்பாட்டைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் போட்டேன். அவரிடம் இருப்பது பழைய ஃபோன். உடனே கூப்பிட்டார்: “பையும் ஆரும் கட்டம் கட்டமா வருதுப்பா. ஹெச் மட்டும் நல்லா இருக்கு.”

ஏன் ஹெச் மட்டும்? மண்டை காய்ந்து தேடினேன். வாய்பாட்டில் வருபவை கணிதச் சாய்வெழுத்துகள். யூனிகோடில் அவற்றுக்கு 2001-இல்தான் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். சாய்ந்த ஹெச் மட்டும் இயற்பியலில் பிளாங்க் மாறிலியைக் குறிப்பதால் முன்னாடியே வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் புது வரிசையில் ஹெச் வர வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்களாம். சார் ஃபோனில் பழைய இடத்து எழுத்து இருக்கிறது, புது வரிசை இல்லை.

சாரிடம் பிளாங்க் பற்றி எல்லாம் சொல்லவில்லை. தாளில் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.