அசார்ட்டேட்டிவ் மேட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

குழுவினருக்கு வணக்கம். கல்லூரி முதலாண்டு உயிரியலுக்காக ஓர் இயலை மொழிபெயர்க்கிறேன். நோயில்லாத, நலமான மனிதர்களிடம் மரபணு வேறுபாடுகளுக்கும் நடத்தைக்கும் துணை அமைவதற்கும் என்ன தொடர்பு என்பது பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அல்லீலை (ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களில் ஒன்று) அல்லீல் என்றே விட்டுவிட்டேன். 'துணைத்தேர்வு' எல்லோருக்கும் புரிகிறது. அசார்ட்டேட்டிவ் மேட்டிங்கில்தான் நிற்கிறேன். உயரமானவருக்கு உயரமானவர் துணையாவது, தற்செயலாக நடக்கக்கூடியதைவிட அதிகமாக இருந்தால் அதற்கு இந்தப் பெயர். 1903இல் புள்ளியியலாளர்கள் கார்ல் பியர்சனும் ஆலிஸ் லீயும் இங்கிலாந்துக் குடும்பங்களின் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, கணவன் மனைவி உயரங்களின் ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுதும் சேர்ந்தே மாறினால் 1) சுமார் 0.28 வந்தது. இப்போதைக்கு 'ஒத்தோர் மணம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

தமிழாசிரியர், கும்பகோணம்:

ஏன் ஒப்பவில்லை அம்மா? நம் இலக்கணத்தில் இதற்கு இடம் இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்புகளைச் சொல்கிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. பியர்சன் அளந்த உயரம் 'உருவு'க்குள் அடங்கும். அதே நூலின் களவியலில் இரண்டாம் நூற்பாவும் 'ஒத்த கிழவனும் கிழத்தியும்' என்றுதான் சொல்கிறது.

மணம் என்ற சொல்லையும் விடாதீர்கள். மணத்தல் என்றால் கூடுதல், கலத்தல். பூவின் வாசம் காற்றோடு கலப்பதால் அதுவும் மணம் என்பேன். என் கருத்தில் மணல்கூட இந்த வேர்தான். துகளோடு துகள் மணந்து கிடப்பது மணல். மண், மணி இரண்டையும் இதே வழியில் விளக்கலாம், அதைத் தனியாக எழுதுகிறேன்.

விலங்கியல் ஆசிரியர், திருநெல்வேலி:

ஐயா, வகுப்பில் 'மணம்' எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஒன்று, இந்தச் சொல் பறவைக்கும் மீனுக்கும் பொருந்த வேண்டும். இதே இயலில் அமெரிக்கப் புல்வெளி வோல் வரும். ஒரே துணையோடு தங்கும் எலி போன்ற சிறு விலங்கு. வாசோபிரசின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி மூளையில் எங்கெங்கே இருக்கிறது என்பதற்கும் அந்தப் பிணைப்புக்கும் தொடர்பு கண்டார்கள். அப்புறம் 2008இல் சுவீடனில், அதே ஏற்பிக்கான மரபணுவின் ஒரு வடிவத்தை ஆண்களின் இல்லற உறவோடு ஒப்பிட்டார்கள். எலிக்கு மணம் செய்துவைக்க முடியாது.

இரண்டு, 1995இல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் நடந்த டி-சர்ட் சோதனை. 44 ஆண்கள் இரண்டு இரவு அணிந்த சட்டைகளை 49 பெண்கள் முகர்ந்து பார்த்தார்கள். எச்.எல்.ஏ. என்ற நோயெதிர்ப்பு மரபணுக்கள் தங்களிடமிருந்து வேறுபட்ட ஆண்களின் வாசனையைப் பெண்கள் அதிகம் விரும்பினார்கள். கருத்தடை மாத்திரை எடுத்தவர்களிடம் இது தலைகீழ். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே விடை தரவில்லை. ஆனால் பாடத்தில் கட்டாயம் வரும். 'மணத்தைக் கொண்டு மணம்' என்று எழுதினால் மாணவன் எதை எதுவென்று எடுப்பான்? அதோடு இங்கே விருப்பம் ஒத்தவரிடம் போகவில்லை, வேறுபட்டவரிடம் போகிறது.

'தேர்வு' என்ற சொல்லும் இதில் வேண்டாம். ஒரே ஊர், ஒரே கல்லூரி என்பதாலும் ஒத்தவர்கள் சேரலாம், யாரும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியதில்லை. இயற்கைத் தேர்வு ஏற்கெனவே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது.

பழைய மாணவி, யாழ்ப்பாணம்:

அன்பின் ஐயா, தாங்கள் எடுத்துக்காட்டிய பத்தில் முதல் இரண்டும் பிறப்பும் குடிமையும். 'ஒத்தோர் மணம்' என்று பாடநூலில் கண்டால் பிள்ளைகள் சாதிக்குள் செய்யும் கலியாணம் என்றுதான் வாசிப்பார்கள். அறிவியலே அதைச் சரி என்கிறது என்றும் நினைப்பார்கள். அளந்து பார்த்த ஒரு போக்குக்கு வைக்கும் பெயர் அறிவுரை போல ஒலிக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அல்லீலுக்கு இலங்கைப் பாடநூல்களில் 'எதிருரு' நெடுங்காலமாக இருக்கிறது. ஏன் விட்டீர்கள்?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அக்கா, எதிருரு அழகான சொல். இங்கே நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் அல்லீல் என்றே படித்து வருகிறார்கள். முதல் இடத்தில் இரண்டையும் தருகிறேன். சாதி பற்றி நீங்கள் சொன்னது என்னை நிறுத்திவிட்டது. மணம் போகட்டும். 'ஒத்திணைவு' எப்படி?

தமிழாசிரியர், கும்பகோணம்:

ஒத்து + இணைவு, குற்றியலுகரம் கெட்டு ஒத்திணைவு. புணர்ச்சியில் பிழையில்லை. ஒத்த + இணைவு என்று பிரித்தால் வகர உடம்படுமெய் பெற்று 'ஒத்தவிணைவு' ஆகும், அது வேண்டாம். ஆனால் மணத்தை விட்டதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் தப்பாக வாசிப்பார்கள் என்று ஒவ்வொரு சொல்லாகக் கைவிட்டால் கடைசியில் நம்மிடம் என்ன மிஞ்சும்? சொல்லை விளக்கிக் கொடுப்பதும் ஆசிரியர் வேலைதானே.

விலங்கியல் ஆசிரியர், திருநெல்வேலி:

ஒத்திணைவு ஒரு பாதிக்குத்தான் சரி. வேறுபட்டவர்கள் கூடுவதை 'எதிர்மறை ஒத்திணைவு' என்றால் சொல்லே தன்னை மறுக்கும். பொதுப்பெயராகச் 'சார்பிணைவு' வைக்கலாம், ஒரு பண்பைச் சார்ந்து இணைவது. அதன் கீழே ஒத்திணைவு, வேற்றிணைவு.

பழைய மாணவி, யாழ்ப்பாணம்:

சார்பு என்றால் கணிதத்தில் வேறு பொருள். ஒத்திணைவை ஒருபால் உறவு என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆனாலும் மணத்தைவிட இது நூறு மடங்கு மேல். என் வாக்கு இதற்கே.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

வியாழன் இரவு பதினொன்றாகிவிட்டது. சார்பிணைவு, ஒத்திணைவு, வேற்றிணைவு என்று போட்டு அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் அடியில் ஒரு வரி விளக்கம், பக்கத்தில் அசார்ட்டேட்டிவ் மேட்டிங். எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர், கும்பகோணம்:

சரி. மணி, மண் பற்றிய குறிப்பை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். அடுத்த பதிப்புக்கு முன் அதைப் படித்துவிட்டு மணத்தை ஒருமுறை மறுபடி எடை போடுங்கள்.