5 வயசுல 121, இப்ப 10 வயசுல 104. பையனுக்கு அறிவு குறைஞ்சுருச்சா?

மண்டபம் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கங்க. முன்ன மதுரைல இருந்தோம். பையனுக்கு 5 வயசு 2 மாசம் இருக்கும்போது அங்க ஒரு இடத்துல ஐக்யூ டெஸ்ட் எடுத்தோம், 121னு வந்துச்சு. மாமனார் தவறுனதும் போட்டைப் பாக்க ஆள் இல்லாம 4 வருஷத்துக்கு முன்ன ஊருக்கே வந்துட்டோம். கணக்குல கவனமே இல்லன்னு கிளாஸ் டீச்சர் சொன்னதால போன மாசம் அவனுக்கு 10 முடிஞ்ச கையோட மறுபடி எடுத்தோம், 104. தடைக்காலம்ங்கறதால வீட்டுக்காரர் வீட்லயேதான் இருக்காரு, வலையப் பழுது பாத்துக்கிட்டே "இங்க கூட்டியாந்து புள்ளயக் கெடுத்துட்டேன்"னு ஒரே புலம்பல், சரியா சாப்புடக்கூட மாட்டேங்கறாரு. நெசமாவே குறையுமா?

கீழக்கரை வாப்பா:
தங்கச்சி, முதல்ல பிள்ளைக்கு கண்ணையும் காதையும் செக் பண்ணுங்க. எங்க மகளுக்கு 6 வயசுல 82னு போட்டுக் குடுத்தாங்க, வீடே எழவு வீடு மாதிரி ஆயிருச்சு. அப்பறம் பாத்தா காதுக்குள்ள நீர் கோத்திருக்கு, சொல்றது பாதி கேக்கல, கேக்காத கேள்விக்கு அது என்ன பதில் சொல்லும்? அதைச் சரி பண்ணி 3 வருஷம் கழிச்சு எடுத்தப்ப 97.

மதுரை சைக்காலஜி:
அக்கா, நான் பிள்ளைங்களுக்கு டெஸ்ட் எடுக்கற வேலைலதான் இருக்கேன். ஐக்யூ டெஸ்ட்ல பல வகை இருக்கு, 5 வயசுல எடுத்தது பினே காமத்ங்கற டெஸ்ட்டா, இப்ப எடுத்தது மாலின்ஸ்ங்கற டெஸ்ட்டான்னு ரிப்போர்ட்ல பாருங்க. மாலின்ஸ் 6 வயசுக்கு மேலதான் எடுக்க முடியும், அதனால அப்படித்தான் இருக்கணும். பினே காமத்ல மன வயசை, அதாவது எந்த வயசுப் பிள்ளை அளவுக்கு பதில் சொல்றான்ங்கறதை, நெச வயசால வகுத்து 100ஆல பெருக்குவாங்க. மன வயசு எவ்வளவு போட்டிருக்கு?

மண்டபம் அம்மா:
ஆமா நீங்க சொன்ன அதே ரெண்டுதான். மன வயசு 6 வருஷம் 3 மாசம்னு இருக்கு.

மதுரை சைக்காலஜி:
அதாவது 75 மாசம். அப்ப அவன் வயசு 62 மாசம். வகுத்தா 121. 13 மாசம் முன்னாடி இருந்திருக்கான், அவ்வளவுதான். இப்ப 120 மாசத்துலயும் அதே 13 மாசம் முன்னாடியே இருக்கான்னு வைங்க, 133ஐ 120ஆல வகுத்தா 111தான் வரும். புள்ள எதையும் இழக்கல, ஆனா 10 பாயிண்ட் போயிருச்சு பாத்தீங்களா. மாலின்ஸ் கணக்கு வேற மாதிரி, அதனால ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாக்கறதே தப்பு. போதாததுக்கு காமத்தோட அளவுகோல் பல பத்து வருஷம் பழசு, பழைய அளவுகோல்ல இன்னிக்குப் பிள்ளைங்களுக்கு கூடுதலாத்தான் காட்டும். இதுபோக எந்த டெஸ்ட்டா இருந்தாலும் நாலஞ்சு பாயிண்ட் முன்ன பின்ன இருக்கும், 104ன்னா 99லேர்ந்து 109க்குள்ளன்னு எடுத்துக்கங்க.

ஒரே பிள்ளைக்கு மாறுறது அதிசயமும் இல்ல. கலிபோர்னியாவுல பெர்க்லில ஒரே பிள்ளைங்கள 6 வயசுலேர்ந்து 18 வரைக்கும் தொடர்ந்து பாத்தாங்க, 1948ல வெளியாச்சு. கிட்டத்தட்ட 60 சதவீதம் பேருக்கு 15 பாயிண்ட்டோ அதுக்கு மேலயோ மாறியிருந்துச்சு, 9 சதவீதம் பேருக்கு 30ஓ அதுக்கு மேலயோ.

பாம்பன் டீச்சர்:
நான் ரிட்டயர்டு டீச்சர். இப்படி மாறும்னா அந்த டெஸ்ட் எதுக்குத்தான் தம்பி?

மதுரை சைக்காலஜி:
நியாயமான கேள்விங்க டீச்சர். ஸ்காட்லாந்துல 1932 ஜூன் 1ஆம் தேதி 11 வயசுப் பிள்ளைங்க கிட்டத்தட்ட அத்தன பேருக்கும் ஒரே டெஸ்ட் வச்சாங்க. 1998ல அதுல 101 பேரை, 77 வயசுல, அபர்டீன்ல உக்கார வச்சு அதே டெஸ்ட்டை மறுபடி எழுத வச்சாங்க. தொடர்பு 0.63. 1 வந்திருந்தா வரிசைல யாருமே இடம் மாறலன்னு அர்த்தம். ஆக கூட்டமாப் பாத்தா வரிசை ரொம்ப கலையல, தனித்தனியாப் பாத்தா நிறைய பேர் இடம் மாறியிருக்காங்க. வயசு கூடக்கூட நம்பர் நிலைக்கும், 5 வயசுல எடுத்தத நான் ரொம்ப நம்பமாட்டேன். அக்கா, மொத்த நம்பரை விடுங்க, உள்ள தனித்தனி மார்க் எப்படி இருக்கு?

மண்டபம் அம்மா:
அவங்க சொல்ற நம்பரைக் கேட்டுத் திருப்பிச் சொல்றதுல ரொம்பக் கம்மி. அப்பறம் ஒன்னு, கதவு இடுக்கு வழியா பாத்தேன், சிவப்பு வெள்ளைக் கட்டைய படத்துல இருக்கமாதிரி அடுக்கணும், கடைசிக் கட்டைய திருப்பித் திருப்பிப் பாத்து சரியாத்தான் வச்சான், அதுக்குள்ள அந்த மேடம் வாட்ச்சை அமுக்கிட்டாங்க. வீட்லயும் அப்படித்தான், எதையும் அவசரமாச் செய்ய மாட்டான்.

மதுரை சைக்காலஜி:
நேரம் தாண்டுனா சரியா வச்சாலும் மார்க் கிடையாதுக்கா. நிதானமான பிள்ளைக்கு அதுல அடி விழும். நம்பரைத் திருப்பிச் சொல்றதுல கம்மிங்கறதைத்தான் டீச்சர்கிட்ட பேசணும், கணக்கை வாயால சொல்லாம போர்டுல எழுதிப் போட்டா எப்படிச் செய்யறான்னு பாக்கச் சொல்லுங்க. ஒரு வருஷத்துக்கு மறுபடி டெஸ்ட் எடுக்காதீங்க, கேள்வி ஞாபகத்துலயே நாலு மார்க் கூடிரும்.

மண்டபம் அம்மா:
ரொம்ப நன்றி தம்பி. நேத்து ராத்திரி இதை அவருக்குப் படிச்சுக் காட்டுனேன். நம்பவே இல்ல. போட்டுல கிடந்த பழைய டீசல் பில்லைத் திருப்பி வச்சு 133ஐ 120ஆல அவரே ரெண்டு தடவ வகுத்துப் பாத்தாரு. காது கண்ணு செக்கப்புக்கு திங்கக்கிழமை ராம்நாடு போறோம், அவரும் வர்றேன்னு சொல்லியிருக்காரு.