நிக் டிரேக் பாடலுக்கு ட்யூன் செய்தால் ஆறாவது கம்பி இரைகிறது

ஆங்கிலேயப் பாடகரும் கிட்டார் கலைஞருமான நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' பாடலுக்காக கிட்டாரை, தடித்த ஆறாவது கம்பியில் தொடங்கி, சி-ஜி-சி-எஃப்-சி-ஈ என்று ட்யூன் செய்திருக்கிறேன். கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) இரண்டாவது ஃப்ரெட்டில். ஆறாவது கம்பியைக் கட்டைவிரலால் தட்டினாலே 'கிர்ர்' என்று இரைகிறது, சுருதியும் ஒரு நொடி ஏறி இறங்குகிறது. மற்ற ஐந்து கம்பிகளும் சுத்தம்.

சாதாரண ட்ரெட்நாட் கிட்டார், 12-53 கம்பி செட் (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்; ஆறாவது கம்பி 53). இருப்பது பர்மிங்காமில். வீட்டில் ஹீட்டர் போட ஆரம்பித்த பிறகு இரைச்சல் கூடியது போலத் தெரிகிறது.

புதுக் கம்பி மாற்றினேன். ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் கம்பித் தண்டு) கொஞ்சம் தளர்த்தினேன், சாடிலுக்கு (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) அடியில் அட்டைத் துண்டு வைத்தேன். இரைச்சல் குறைந்தது, போகவில்லை. கேப்போ போட்டும் வருவதால் நட்டில் (தலைப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். கடையில் கேட்டால், வழக்கமாக ஈ-யில் இருக்கும் ஆறாவது கம்பியை சி வரை இறக்காதீர்கள் என்கிறார்கள். ஆனால் அந்தத் தாழ்ந்த சி இல்லாமல் அது நிக் டிரேக் பாட்டே இல்லை.

நவம்பர் 25 நிக் டிரேக்கின் நினைவு நாள். 1974-இல், 26 வயதில், இங்கே பக்கத்திலிருக்கும் டான்வொர்த்-இன்-ஆர்டனில் பெற்றோர் வீட்டில் இறந்தார். வாழ்ந்தபோது வந்த மூன்று ஆல்பங்களும் சரியாக விற்கவில்லை. அன்று நண்பர்கள் கூடிப் பாடுகிறோம். 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவான 'பிங்க் மூன்' ஆல்பத்தில் குரல், கிட்டார், தலைப்புப் பாடலில் கொஞ்சம் பியானோ, அவ்வளவுதான். கிட்டார் இரைந்தால் மறைக்க வேறு ஒன்றுமில்லை.

இந்த ட்யூனிங்கில் வாசிப்பவர்களே, ஆறாவது கம்பியை மட்டும் 56 அல்லது 59 தடிமனுக்கு மாற்றினால் போதுமா, இல்லை உயரமான சாடில்தான் போட வேண்டுமா?