புதுப்பிப்பு: நாலு வயதுப் பையனும் தியேட்டரும்

போன மாதம் கேட்டிருந்தேன்: நாலு வயது மகனைத் தியேட்டருக்கு அழைத்துப் போகலாமா, இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாமா என்று. பாதிப் பேர் போங்க என்றீர்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். சரி, போய் வந்தாச்சு.

கும்பகோணத்தில் காலைக் காட்சி. யு சான்றிதழ் படம்தான். (2024இலிருந்து யு/ஏ-வை 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள், போஸ்டரில் பாருங்கள்.) ஆனால் சான்றிதழ் கதைக்குத்தானே, சத்தத்துக்கு இல்லையே! விளக்கு அணைந்து டிரெய்லர் அலறியதும் காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் முகம் புதைத்தான். ஓர நாற்காலியில் உட்காரச் சொன்னவருக்கு நன்றி. யார் காலையும் மிதிக்காமல் வெளியே வந்தோம். இடைவேளையோடு வீடு.

அப்புறம் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, கர்நாடக இசை விழா. அங்கே கதையே வேறு. பந்தல், பகல் வெளிச்சம், எழுந்து போனால் யாரும் முறைப்பதில்லை. தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் முதல் இரண்டு ராகங்களான நாட்டையும் கௌளையும் முடியும்வரை தாத்தா மடியில் தொடை தட்டித் தாளம் போட்டான். மூன்றாவதான ஆரபியில் நெளிய ஆரம்பித்தான். காவிரிக்கரையில் கொஞ்சம் நடக்கவிட்டு, கடைசியான ஸ்ரீராகத்துக்குத் திரும்பி வந்தோம்.

என் கணக்கில் இப்போது வயது முக்கியமில்லை. பாதியில் எழுந்து வர முடியுமா என்பதுதான். மேலட்டூர் பாகவத மேளாவுக்கும் கூட்டிப் போகலாம், பகலில் தூங்க வைத்துவிடு என்கிறார் மாமியார். இரவெல்லாம் நடக்கும் நாடகம், தூணைப் பிளந்து நரசிம்மர் வேறு. அதற்கு நான் இன்னும் தலையாட்டவில்லை.